ஆட்சி மாற்றமும் குடும்பச் சட்டமும்: ஈராக்கில் ஷரீஅத்தின் இடம்

பதவி இழந்த ஈராக் அதிபர் சதாம் உசேன் 2003 டிசம்பர் 13 அன்று திக்ரித் நகருக்கு அருகே பிடிபட்டார். பதினாறு நாள் கழித்து, டிசம்பர் 29 அன்று, ஈராக் ஆளும் மன்றம் 137 என்ற எண் கொண்ட தீர்மானமொன்றை நிறைவேற்றியது. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் நியமித்த 25 பேர் கொண்ட மன்றம் அது. அப்போது நாட்டில் ராணுவம் கலைக்கப்பட்டிருந்தது, தேர்தல் நடக்கவில்லை, புதிய அரசியலமைப்புச் சட்டம் எழுதப்படவில்லை. அந்த நிலையிலும் மன்றம் கைவைத்தது குடும்பச் சட்டத்தில். திருமணம், மணவிலக்கு, குழந்தைப் பராமரிப்பு, வாரிசுரிமை ஆகியவற்றை நாற்பத்து நான்கு ஆண்டுகளாக ஆண்டுவந்த 1959ஆம் ஆண்டின் 188ஆம் எண் தனிநபர் சட்டத்தை நீக்கிவிட்டு, இனி அவரவர் மத்ஹபின்படி, அதாவது இஸ்லாமியச் சட்ட மரபின்படி, ஷரீஅத்தே செல்லும் என்றது தீர்மானம். பொது விவாதம் எதுவும் இல்லாமலே இந்த முடிவு எடுக்கப்பட்டது.

சதாமின் பாத் கட்சி விட்டுச்சென்ற கொடுஞ்சட்டங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டி, பாத் கட்சி ஆட்சிக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட ஒரு குடும்பச் சட்டம் ஏன் இத்தனை அவசரமாகக் குறிவைக்கப்பட்டது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஆட்சி மாறும் நாடுகளில் இஸ்லாமியச் சட்டம் உண்மையில் எங்கே இயங்குகிறது என்பது புலப்படும். ‘ஷரீஅத்தே சட்டத்தின் மூலம்’ என்று அரசியலமைப்பில் எழுதப்படும் வரியைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசுகிறது. சாதாரண மனிதர்களின் வாழ்வைத் தொடுவது வேறு மூன்று முடிவுகள். மார்க்கச் சட்டத்தை விளக்கும் அதிகாரம் யாருக்கு? திருமணமும் மணவிலக்கும் யார் முன்னிலையில் பதிவாக வேண்டும்? தனக்குப் பொருந்தாத விதியை மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஈராக்கின் கடந்த அறுபத்தைந்து ஆண்டு வரலாறு இந்த மூன்றைச் சுற்றியே சுழன்றிருக்கிறது.

1959க்கு முன்

ஒட்டோமான் ஆட்சியில் ஈராக்கின் அரசு நீதிமன்றங்கள் சுன்னிகளின் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றின. மக்கள்தொகையில் பெரும்பான்மையாக இருந்த ஷியாக்கள் தங்கள் குடும்ப வழக்குகளை நஜஃப், கர்பலா நகரங்களின் முஜ்தஹித்களிடம், அதாவது மார்க்கச் சட்டத்தை விளக்கத் தகுதி பெற்ற அறிஞர்களிடம், கொண்டுசென்றார்கள். அரசின் காழியிடம் (நீதிபதியிடம்) போவது தங்களை அங்கீகரிக்காத ஓர் அதிகாரத்துக்குத் தலைவணங்குவதாகவே அவர்களுக்குப் பட்டது. பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்போது இயற்றப்பட்ட 1923ஆம் ஆண்டின் ஷரீஅத் நீதிமன்றச் சட்டம், ஷியாக்களுக்கு அவர்களுடைய சட்ட மரபான ஜஅஃபரி ஃபிக்ஹின்படி அரசு நீதிமன்றங்களிலேயே தீர்ப்பு வழங்க வழி செய்தது. ஒரே நாட்டில் இரண்டு தடம் என்ற ஏற்பாடு அப்போது உருவானது. எழுதப்பட்ட குடும்பச் சட்டம் என ஒன்று இல்லை. காழி தம் மத்ஹபின் நூல்களைப் புரட்டித் தீர்ப்புச் சொன்னார். ஒரே விதமான வழக்கில் இரண்டு காழிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளிக்கக்கூடும். 1940களில் தயாரான தனிநபர் சட்ட வரைவு உலமாக்களின் எதிர்ப்பால் நின்றுபோனது.

ஆனால் மற்றத் துறைகளில் வேறொரு முயற்சி வெற்றிபெற்றது. எகிப்தின் சட்டமேதை அப்துர் ரஸ்ஸாக் அல்-சன்ஹூரி ஈராக்குக்கென வரைந்த சிவில் சட்டம் 1951இல் நிறைவேறி 1953இல் நடைமுறைக்கு வந்தது. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் நீதிபதி முதலில் வழக்காற்றைப் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் எந்த ஒரு மத்ஹபுக்கும் கட்டுப்படாமல், அந்தச் சட்டத்தோடு பொருந்தும் ஷரீஅத் கொள்கைகளை நாட வேண்டும். அதற்குப் பின்னரே பொது நியாயம் என்று அது வரிசைப்படுத்தியது. ஷரீஅத்தை அரசின் சட்டத்துக்குள் கொண்டுவரவும், எந்த மத்ஹபுக்கும் முற்றுரிமை தராமல் இருக்கவும் முடியும் என்று அந்தச் சட்டம் காட்டியது. எட்டு ஆண்டு கழித்துக் குடும்பச் சட்டத்தை எழுதியவர்கள் சென்றதும் இதே வழியில்தான்.

188ஆம் எண் சட்டம்

1958 ஜூலை 14 அன்று ராணுவப் புரட்சி மன்னராட்சியை வீழ்த்தியது. அப்துல் கரீம் காசிம் தலைமையிலான புதிய அரசு 1959 டிசம்பர் 30 அன்று 188ஆம் எண் தனிநபர் சட்டத்தை வெளியிட்டது. அதற்குப் பின்னால் ஒரு பெண்கள் இயக்கத்தின் உழைப்பு இருந்தது. பெண்கள் உரிமைப் பாதுகாப்புக் கழகத்தின் தலைவரும் மகப்பேறு மருத்துவருமான நஸீஹா அல்-துலைமி அதே ஆண்டு அமைச்சரானார். அரபு நாடுகளில் அமைச்சரான முதல் பெண் அவர்.

இந்தச் சட்டத்தை மதச்சார்பற்ற சட்டம் என்று ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒருசேர அழைப்பதுண்டு. சட்டத்தை வரிவரியாகப் படித்தால் அந்தப் பெயர் பொருந்தாது என்பது தெரியும். திருமணம் இங்கே நிக்காஹ்தான். மணக்கொடையான மஹர் உண்டு, மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் இத்தா உண்டு, தலாக் உண்டு. விதி இல்லாத இடத்தில் நீதிபதி ஷரீஅத் கொள்கைகளையே நாட வேண்டும் என்கிறது முதல் பிரிவு. புதுமை இருந்தது தேர்ந்தெடுத்த முறையில். சுன்னி மத்ஹபுகளிலிருந்தும் ஜஅஃபரி ஃபிக்ஹிலிருந்தும் குடும்பத்தின் பலவீனமான உறுப்பினருக்கு அதிகப் பாதுகாப்புத் தரும் கருத்துகளை எடுத்து ஒரே சட்டமாகக் கோத்தார்கள். தமிழ் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான முத்தலாக்கை எடுத்துக்கொள்வோம். எத்தனை முறை சொன்னாலும் ஒரே தலாக்காகத்தான் கொள்ளப்படும் என்று 188ஆம் எண் சட்டம் வகுத்தது. ஹனஃபி மத்ஹபின் பெரும்பான்மைக் கருத்துக்கு இது மாறானது; ஆனால் ஜஅஃபரி ஃபிக்ஹிலும் சில சுன்னி அறிஞர்களிடமும் இதற்கு உறுதியான அடிப்படை உண்டு.

திருமண வயது 18 என ஆனது. அதற்குக் குறைந்தால் நீதிபதியின் அனுமதி தேவை. இரண்டாம் திருமணத்துக்கும் நீதிபதி அனுமதிக்க வேண்டும். கணவருக்கு வசதி இருக்கிறதா, நியாயமான காரணம் உண்டா என்று அவர் பார்ப்பார். மனைவியரிடையே நீதி தவறும் என்று அஞ்சினால் மறுப்பார். திருமணம் நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். சுன்னிப் பெண்ணும் ஷியா ஆணும் மணந்தால் எந்த மத்ஹபு பொருந்தும் என்ற கேள்வியே எழாதபடி இருவரும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தார்கள். பாக்தாதில் இத்தகைய கலப்பு மணங்கள் பரவலாக நடந்த காலம் அது.

எல்லாவற்றிலும் பெரிய உடைப்பு வாரிசுரிமையில் நேர்ந்தது. ஒட்டோமான் காலத்து அரசு நிலங்களுக்குரிய வாரிசு விதியை எல்லாச் சொத்துக்கும் நீட்டி, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு என்றது சட்டம். மகளுக்கு மகனில் பாதி என்று குர்ஆன் வெளிப்படையாகப் பங்கு வகுத்திருக்கும் இடம் இது. உலமாக்களின் கோபம் இங்கேதான் மூண்டது. நஜஃபின் ஆயத்துல்லா முஹ்சின் அல்-ஹகீம் சட்டம் முழுவதையும் நீக்கக் கோரினார்.

அவருடைய எதிர்ப்பைப் பெண்ணுரிமைக்கு எதிரான குரலாக மட்டும் புரிந்துகொண்டால் வரலாறு சுருங்கிவிடும். ஷியா மரபில் முஜ்தஹிதின் அதிகாரம் அரசிடமிருந்து சுதந்திரமானது. மக்கள் தாங்கள் தேர்ந்த அறிஞரைப் பின்பற்றுகிறார்கள். குடும்ப விவகாரங்களில் அவருடைய ஃபத்வாவே வழிகாட்டி. அந்த அதிகாரத்தை ஓர் அரசு எடுத்துக்கொண்டு, தான் நியமித்த நீதிபதியிடம் கொடுத்தது. வாக்குப்பெட்டியின் வழியே வராத ராணுவ அரசு அது. பிற்காலத்தில் பாத் ஆட்சி அதே அரசு எந்திரத்தைக் கொண்டு ஷியா அறிஞர்களை வேட்டையாடியபோது அந்த அச்சத்துக்கு ரத்த சாட்சியமும் கிடைத்தது. ஆயத்துல்லா முஹம்மது பாகிர் அல்-சத்ர் 1980 ஏப்ரலில் கொல்லப்பட்டார். அல்-ஹகீம் குடும்பத்தில் மட்டும் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள்.

சீருடைக்காரர்களின் திருத்தங்கள்

1963 பிப்ரவரி 8 அன்று பாத் கட்சி ஆட்சியைப் பிடித்து, மறுநாள் காசிமைச் சுட்டுக் கொன்றது. அடுத்த மாதமே சமபங்கு விதி நீக்கப்பட்டது. உலமாக்களின் முழுக் கோரிக்கையும் நிறைவேறவில்லை; சட்டத்தின் மற்றப் பகுதிகள் அப்படியே நின்றன. ஆட்சி கவிழ்ந்தபின் குடும்பச் சட்டத்தில் கைவைப்பது ஈராக்கில் இதனால் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

இடையில் ஆட்சியை இழந்து 1968இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த பாத் கட்சி, தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் பெண்கள் தேவைப்பட்ட காலத்தில், சட்டத்தை வேறு திசையில் நகர்த்தியது. 1978ஆம் ஆண்டின் திருத்தம் கட்டாயத் திருமணத்தைத் தண்டனைக்குரியதாக்கியது. மகன் இல்லாத வீட்டில் மகளே எஞ்சிய சொத்தைப் பெறுவாள் என்றது. சுன்னி ஃபிக்ஹின்படி அந்தச் சொத்தில் பாதி தந்தைவழி ஆண் உறவினர்களுக்குப் போயிருக்கும்; ஜஅஃபரி ஃபிக்ஹின் விதியை எடுத்து நாட்டின் எல்லா முஸ்லிம் மகள்களுக்கும் அளித்தது இத்திருத்தம். 1980களில் மணவிலக்குப் பெற்ற பெண் மூன்று ஆண்டு அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை வந்தது. காரணமின்றித் தலாக் சொன்ன கணவர் இரண்டு ஆண்டு ஜீவனாம்சத்துக்கு மிகாத இழப்பீடு தர வேண்டும் என்றானது. பிள்ளைகள் 10 வயதுவரை தாயிடம் இருப்பார்கள். பிள்ளையின் நலன் கருதி நீதிமன்றம் அதை 15 வரை நீட்டிக்கலாம்.

இந்தத் திருத்தங்கள் பலருக்கு வாழ்வளித்தவை. ஆயினும் அவற்றை வெளியிட்டது மக்களைக் கேட்டுச் சட்டம் இயற்றாத ஒரு சர்வாதிகாரக் கட்சி. இந்த முரண் பிற்காலத்தில் பெண்களின் கழுத்தையே நெரித்தது. 2003க்குப் பின் சட்டத்தைக் காக்க வீதிக்கு வந்தவர்களைச் சர்வாதிகாரத்தின் எச்சத்தைக் காப்பவர்கள் என்று சொல்லிவிட எதிர்த்தரப்புக்கு எளிதாயிற்று.

தீர்மானம் எண் 137

2003 டிசம்பர் மாதம் ஆளும் மன்றத்தின் சுழற்சித் தலைவராக இருந்தவர் அப்துல் அஜீஸ் அல்-ஹகீம். 1959இல் சட்டத்தை எதிர்த்த ஆயத்துல்லா முஹ்சின் அல்-ஹகீமின் மகன். அவருடைய அண்ணன் முஹம்மது பாகிர் அல்-ஹகீம் அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று நஜஃபில் நடந்த குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டிருந்தார். தந்தையின் நிறைவேறாத கோரிக்கையும் குடும்பத்தின் இழப்புகளும் ஒரு சமூகத்தின் நீண்ட ஒடுக்குமுறை நினைவும் அந்தத் தீர்மானத்தின் பின்னால் இருந்தன.

பெண்கள் உடனே எழுந்தார்கள். 2004 ஜனவரியில் பாக்தாத் வீதிகளில் நடந்த ஆர்ப்பாட்டங்களில் பொதுப்பணித் துறை அமைச்சர் நஸ்ரீன் பர்வாரியும் கலந்துகொண்டார். வழக்கறிஞர்களும் பெண் நீதிபதிகளும் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் கையெழுத்திடாததால் தீர்மானம் சட்டமாகவில்லை. 2004 பிப்ரவரி 27 அன்று மன்றமே அதைத் திரும்பப் பெற்றது. ஷியா உறுப்பினர்கள் சிலர் வெளிநடப்புச் செய்தார்கள்.

சட்டம் பிழைத்தது; ஆனால் அது பிழைத்த விதம் ஒரு காயத்தை விட்டுச்சென்றது. ஈராக்கியப் பெண்களின் போராட்டத்தால் வந்த வெற்றி, அந்நிய அதிகாரியின் கையெழுத்தில் தொங்கிய வெற்றியாகவும் இருந்தது. ஆக்கிரமிப்பாளர் காத்த சட்டம் என்ற வசை அதன்மேல் ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து வரும் ஆட்சி மாற்றம் உள்நாட்டுச் சீர்திருத்தக்காரர்களுக்குச் செய்யும் கேடு இது. அவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே சொந்த மண்ணில் வென்றெடுத்ததுகூட இரவல் பொருளைப் போலத் தோன்றத் தொடங்கிவிடுகிறது.

அரசியலமைப்பின் இரண்டு பிரிவுகள்

அரசியலமைப்பைத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே எழுத வேண்டும் என்று நஜஃபின் மூத்த ஷியா அறிஞர் ஆயத்துல்லா அலி அல்-சிஸ்தானி 2003 ஜூனில் விடுத்த ஃபத்வா நாட்டின் போக்கையே மாற்றியது. அமெரிக்கர்கள் தாங்கள் நியமித்தவர்களைக் கொண்டு எழுதவைக்கும் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. மார்க்க அறிஞர் ஒருவர் ஜனநாயக நடைமுறைக்காக ஆக்கிரமிப்பு வல்லரசிடம் வாதாடி வென்ற தருணம் அது. இஸ்லாமியச் சட்ட மரபை ஜனநாயகத்துக்கு எதிர்நிலையில் மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடலாகாது.

2005 ஜனவரியில் தேர்தல் நடந்தது. ஹுமாம் ஹமூதி தலைமையிலான குழு வரைவை எழுதியது. ஷரீஅத் சட்டத்தின் ஒரே மூலமா, மூலங்களில் ஒன்றா என்பதில் ஷியா கட்சிகளும் குர்துகளும் மதச்சார்பற்றோரும் மாதக்கணக்கில் மோதினார்கள். கடைசியில் பிறந்த 2ஆம் பிரிவு ஒரு சமரசம். இஸ்லாம் அரசின் மதம், சட்டம் இயற்றுதலின் அடிப்படை மூலம் என்கிறது அது. இஸ்லாத்தின் நிலைபெற்ற விதிகளுக்கு முரணாகச் சட்டம் இயற்றக் கூடாது. ஜனநாயகக் கொள்கைகளுக்கு முரணாகவும் கூடாது. இந்த அரசியலமைப்புத் தரும் உரிமைகளுக்கு முரணாகவும் கூடாது. மூன்று தடைகளும் ஒன்றோடொன்று மோதினால் எது மேல் என்று எழுதவில்லை. அதே ஆவணம் நாடாளுமன்றத்தில் பெண்களுக்குக் கால்பங்கு இடத்தையும் உறுதிசெய்தது. 2005 அக்டோபர் 15 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் ஏற்றார்கள். சுன்னிகள் பெரும்பான்மையாக வாழும் அன்பார், சலாஹுத்தீன் மாகாணங்கள் பெருவாரியாக நிராகரித்தன.

இருபது ஆண்டுக்குப் பின் நின்று பார்த்தால், அத்தனை மோதலுக்குக் காரணமான 2ஆம் பிரிவு நாட்டின் சட்ட உடலைப் பெரிதாக மாற்றவில்லை. சன்ஹூரியின் 1951ஆம் ஆண்டுச் சிவில் சட்டமும் 1969ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. வங்கிகளில் வட்டி ஓடுகிறது. 2016இல் நாடாளுமன்றம் மது இறக்குமதிக்கும் விற்பனைக்கும் விதித்த தடை அரசிதழில் வெளியாகி நடைமுறைக்கு வரவே 2023 ஆனது. பெற்றோரில் ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினால் சிறு பிள்ளைகளும் முஸ்லிம்களாகப் பதிவாவார்கள் என்ற 2015இல் நிறைவேறிய தேசிய அடையாள அட்டைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு கிறிஸ்தவர்களையும் யஸீதிகளையும் மாந்தாயர்களையும் வருத்துகிறது. அது குடும்பத்துக்குள் நுழையும் விதி என்பது தற்செயலானதல்ல. கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தில் ஃபிக்ஹு வல்லுநர்களும் இருப்பார்கள் என்று 92ஆம் பிரிவு சொல்கிறது. அவர்களுக்கு வாக்குரிமையா, ஆலோசனை மட்டுமா என்ற சச்சரவு தீராமல், அதற்கான சட்டத்தை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற்ற எந்த நாடாளுமன்றத்தாலும் முடியவில்லை. 2021இல் பழைய நீதிமன்றச் சட்டத்தையே திருத்திச் சமாளித்தார்கள்.

உலகம் அதிகம் கவனிக்காத 41ஆம் பிரிவில்தான் நெருப்பு இருந்தது. ஈராக்கியர் தங்கள் மதம், மத்ஹபு, நம்பிக்கை, விருப்பம் ஆகியவற்றின்படி தனிநபர் விவகாரங்களை அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் உடையவர்கள். அதை ஒரு சட்டம் நெறிப்படுத்தும் என்பது அதன் சாரம். ஆளும் மன்றம் தீர்மானமாகக் கொண்டுவந்து தோற்றதை அரசியலமைப்பு இருபது மாதத்தில் உரிமையாக வாக்களித்துவிட்டது. 137ஆம் தீர்மானம் மார்க்கத்தின் மொழியில் பேசியது. 41ஆம் பிரிவு சுதந்திரத்தின் மொழியில் பேசியது. அதனால் அதை எதிர்ப்பது பன்மடங்கு கடினமாயிற்று.

பத்தாண்டு முற்றுகை

41ஆம் பிரிவைச் சட்டமாக்கும் முதல் பெரிய முயற்சியை ஷியா கட்சியான ஃபதீலாவைச் சேர்ந்த நீதி அமைச்சர் ஹசன் அல்-ஷம்மரி மேற்கொண்டார். அவருடைய ஜஅஃபரி தனிநபர் சட்ட முன்வடிவை அமைச்சரவை 2014 பிப்ரவரியில் ஏற்றது. பெண் பிள்ளைக்கு ஒன்பது சந்திர ஆண்டு நிறைந்தால் பருவம் எய்தியவள் என்றது அந்த வரைவு. இரண்டு வயதுக்கு மேல் பிள்ளை தந்தையிடம் என்றது. அந்த ஆண்டின் மார்ச் 8 அன்று பாக்தாதில் பெண்கள் கறுப்புடை அணிந்து துக்கம் அனுசரித்தார்கள். ஜூனில் மோசுல் நகரம் ஐஎஸ் இயக்கத்தின் கையில் வீழ்ந்தது. முன்வடிவு கிடப்பில் போனது. 2017இல் வேறொரு திருத்தமாகத் திரும்பி வந்து மீண்டும் நின்றது.

2024 ஆகஸ்டில் மூன்றாம் முறை வந்தபோது எதிர்ப்பு இன்னும் ஒழுங்கமைந்திருந்தது. பெண்ணியக்கத்தினரும் வழக்கறிஞர்களும் சேர்ந்து பழைய சட்டத்தின் எண்ணையே பெயராகக் கொண்ட ‘188 கூட்டணி’யை அமைத்தார்கள். எல்லாக் கட்சிகளையும் சேர்ந்த பெண் உறுப்பினர்கள் பலர் எதிர்த்து நின்றார்கள். அந்த அழுத்தத்தால் ஒரு முக்கியமான விஷயம் காப்பாற்றப்பட்டது. குறைந்தபட்ச வயது 18, நீதிபதியின் அனுமதியோடு 15 என்ற நடைமுறை விதி நீடித்தது. 2025 ஜனவரி 21 அன்று திருத்தம் நிறைவேறியது. அது தனியாக வாக்கெடுப்புக்கு வரவில்லை. சுன்னி கட்சிகள் வேண்டிய பொதுமன்னிப்புச் சட்டம், குர்து கட்சிகள் வேண்டிய நில மீட்புச் சட்டம், ஷியா கட்சிகள் வேண்டிய தனிநபர் சட்டத் திருத்தம் மூன்றையும் ஒரே கட்டாகச் சேர்த்து ஒரே மூச்சில் நிறைவேற்றினார்கள். உறுப்பினர்கள் பலர் நடைமுறையையே கேள்விக்குள்ளாக்கினார்கள். கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 4 அன்று இடைக்காலத் தடை விதித்து, பிப்ரவரி 11 அன்று விலக்கியது. ஜஅஃபரி ஃபிக்ஹின்படி தயாரிக்கப்பட்ட விதித்தொகுப்பை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்ட் 27 அன்று ஏற்றது.

இப்போது ஈராக்கில் ஷியா தம்பதியர் 188ஆம் எண் சட்டத்தையோ ஜஅஃபரி தொகுப்பையோ தேரலாம். தேர்வு என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய தேர்வு அடங்கியிருக்கிறது என்பதே கேள்வி. ஏற்கனவே நடந்த திருமணத்தையும் மனைவியின் சம்மதமின்றியே கணவர் புதிய தொகுப்பின் கீழ் மாற்றிக்கொள்ள முடியும் என்றும், பிள்ளைக்கு 7 வயது நிறைந்ததும் பராமரிப்பு தந்தைக்குப் போய்விடும் என்றும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு சுட்டிக்காட்டியிருக்கிறது. முந்தைய சட்டத்தில் பிள்ளையின் நலனை எடைபோட்டுப் பார்க்க நீதிபதிக்கு இருந்த இடம் இங்கே சுருங்குகிறது. நிக்காஹ் நாளில் மஹர் பேசி முடித்து, 188ஆம் எண் சட்டம் தனக்குத் தரும் பாதுகாப்பை நம்பிக் கையெழுத்திட்ட ஒரு பெண், பத்து ஆண்டு கழித்துக் கணவரின் ஒரு விண்ணப்பத்தால் வேறொரு சட்டத்தின் கீழ் விழித்தெழுவாள். ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு மட்டும் நிபந்தனையை மாற்றலாம் என்றால் அதை ஃபிக்ஹின் நோக்கிலும் நியாயமான ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது.

ஜஅஃபரி ஃபிக்ஹு பெண்ணுக்கு எப்போதும் பாதகமானது என்ற முடிவுக்கும் போய்விடக் கூடாது. மகன் இல்லாத வீட்டு மகளின் வாரிசுரிமையில் அது சுன்னி ஃபிக்ஹைவிடத் தாராளமானது. தலாக்கிற்கு நேர்மையான இரண்டு சாட்சிகளைக் கட்டாயமாக்கியதில் அது கண்டிப்பானது. அதே ஃபிக்ஹில் விதவைக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்ற கருத்தும் ஓங்கி நிற்கிறது. ஒவ்வொரு மத்ஹபிலும் இப்படிக் கைகொடுக்கும் விதியும் கைவிடும் விதியும் உண்டு. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருமை, மத்ஹபுகளின் எல்லையைத் தாண்டிக் கைகொடுக்கும் விதிகளைத் தேடிச் சேர்த்ததில் இருந்தது. தனித்தனித் தொகுப்புகளாகப் பிரித்த கணமே அந்தத் தேடலுக்கான கதவு அடைபடுகிறது. உயிருள்ள இஜ்திஹாதும், அதாவது மூலங்களை ஆராய்ந்து தீர்ப்புக் காணும் மரபும், இதில் பாதிக்கப்படுகிறது. முஜ்தஹித்களிடையே கருத்து வேறுபாடு ஷியா மரபின் வலிமை. நாடாளுமன்றம் ஒரு தொகுப்பை வாக்களித்துச் சட்டமாக்கும்போது பல கருத்துகளில் ஒன்று மட்டும் உறைந்துபோகிறது. அரசின் பிடியிலிருந்து மார்க்கச் சட்டத்தை மீட்க வேண்டும் என்று 1959இல் எழுந்த கோரிக்கை, 2025இல் மார்க்கச் சட்டத்தை அரசிதழில் அச்சிட்டு முடிந்திருக்கிறது.

பதிவுப் புத்தகத்துக்கு வெளியே

இந்த நெடிய விவாதத்தின் நடுவே ஈராக்கியப் பெண்களின் அன்றாட வாழ்வில் இன்னொரு சட்டமும் ஓடிக்கொண்டிருக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே மார்க்க அறிஞர் முன்னிலையில் நடக்கும் நிக்காஹ்களின் சட்டம் அது. 188ஆம் எண் சட்டம் அவற்றைத் தண்டனைக்குரியதாக்கியிருந்தும் ஏராளமாக நடந்துவந்தன. வயது போதாத பெண் பிள்ளையை மணம் முடிக்கவும், முதல் மனைவிக்குத் தெரியாமல் இரண்டாம் மணம் செய்யவும் அதுவே வழி. யுனிசெஃப் கணக்கின்படி ஈராக்கில் 28 விழுக்காடு பெண்கள் 18 வயதுக்கு முன்பே மணமாகிறவர்கள். பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது போராட்டம்; சான்றிதழ் இல்லாவிட்டால் பள்ளி இல்லை, ரேஷன் இல்லை. கணவர் கைவிட்டால் மஹரும் ஜீவனாம்சமும் கேட்க ஆதாரம் இல்லை. ஐஎஸ் ஆட்சி செய்த பகுதிகளில் நடந்த திருமணங்களின் ஆவணங்களை அரசு ஏற்காததால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளே இப்படி நிற்கிறார்கள்.

வடக்கே குர்திஸ்தான் பகுதி வேறொரு பாதையைக் காட்டுகிறது. 1990களிலிருந்தே தன்னாட்சி பெற்ற அந்தப் பகுதியின் நாடாளுமன்றம், 2008ஆம் ஆண்டின் 15ஆம் எண் சட்டத்தால் 188ஆம் எண் சட்டத்தைத் திருத்திப் பலதார மணத்தை இன்னும் இறுக்கியது. முதல் மனைவி நீதிமன்றத்தில் சம்மதம் தர வேண்டும் என்றது. 2011இல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டமும் இயற்றியது. பாக்தாத் நாடாளுமன்றம் இன்றுவரை அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றவில்லை. அங்கேயும் பெரும்பாலான மக்கள் முஸ்லிம்கள்தான். தொடக்கமாக இருந்ததும் அதே 1959ஆம் ஆண்டுச் சட்டம்தான். அங்கே அதை மத்ஹபுவாரியாகப் பிரிக்கும் கோரிக்கை வலுப்பெறவில்லை. பெண்கள் அமைப்புகளின் குரலைக் கட்சிகளால் புறந்தள்ளவும் முடியவில்லை. பாதை பிரிந்த இடம் அதுதான்.

அடுத்து எழுதும் நாடுகளுக்கு

மற்ற அரபு நாடுகளின் ஆட்சி மாற்றங்களும் இதே பாடத்தைச் சொல்கின்றன. லிபியாவில் முஅம்மர் கத்தாஃபி கொல்லப்பட்ட மூன்றாம் நாள், 2011 அக்டோபர் 23 அன்று, விடுதலையை அறிவித்த இடைக்கால மன்றத் தலைவர் முஸ்தபா அப்துல் ஜலீல் அதே உரையில் பலதார மணக் கட்டுப்பாடு ஷரீஅத்துக்கு முரண் என்றார். துனீசியாவில் அதே ஆண்டுத் தேர்தலில் 217 இடங்களில் 89ஐ வென்ற இஸ்லாமியக் கட்சியான அந்நஹ்தா, 2012 மார்ச்சில் அரசியலமைப்பில் ஷரீஅத்தைக் குறிப்பிடும் கோரிக்கையைக் கைவிட்டது. பெண் ஆணுக்குத் துணையாக நிறைவு செய்பவள் என்ற வரைவு வாசகம் வந்தபோது 2012 ஆகஸ்ட் 13 அன்று ஆயிரக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள், வாசகம் நீக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் குடும்பச் சட்டம் தொடர்ந்து நின்றது. சிரியாவில் 2024 டிசம்பர் 8 அன்று பஷார் அல்-அசத் தப்பியோடிய பின், 2025 மார்ச் 13 அன்று இடைக்கால அதிபர் அஹ்மது அல்-ஷரா கையெழுத்திட்ட அரசியலமைப்புப் பிரகடனம் இஸ்லாமிய ஃபிக்ஹைச் சட்டத்தின் முதன்மை மூலம் என்கிறது; மதச் சமூகங்களின் தனிநபர் விவகாரங்கள் பாதுகாக்கப்படும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வரியை உலகம் நிம்மதியோடு வாசித்தது. ஈராக்கின் 41ஆம் பிரிவை அறிந்தவர்கள் அதைக் கவலையோடும் வாசிக்க வேண்டும். சமூகத்துக்குத் தரப்படும் பாதுகாப்பு அந்தச் சமூகத்துக்குள் இருக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் போய்ச்சேர்கிறதா என்று கேட்டாக வேண்டும்.

ஆட்சி கவிழும்போது மக்கள் மார்க்கத்தை நாடுவது இயல்பு. அரசு பொய்த்த நாட்டில் நீதி என்ற எண்ணத்துக்கு எஞ்சியிருக்கும் நம்பகமான மொழி அதுவாகவே இருக்கும். அந்த நாட்டத்தை மதிக்காத எந்தச் சட்டமும் நிலைக்காது என்பதற்கு 1959இன் சமபங்கு விதிக்கு நேர்ந்த கதியே சான்று. அதே சமயம், மார்க்கத்தின் பெயரால் சட்டம் எழுதுபவர்கள் சில எல்லைகளை முதலிலேயே எல்லாத் தொகுப்புக்கும் பொதுவாக வகுக்க வேண்டும். திருமண வயது எந்த மத்ஹபிலும் 18க்குக் கீழே போகக் கூடாது. எந்த நிக்காஹும் தலாக்கும் நீதிமன்றப் பதிவின்றிச் செல்லக் கூடாது. பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை வயதுக் கணக்கு மட்டும் தீர்க்காமல், பிள்ளையின் நலனை விசாரிக்கும் நீதிபதி தீர்க்க வேண்டும். எந்தச் சட்டம் பொருந்தும் என்ற தேர்வும் அதை மாற்றுவதும் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து, விவரம் அறிந்து, நீதிபதி முன் சொன்னால் மட்டுமே செல்ல வேண்டும். இவை நான்கில் எதுவும் ஃபிக்ஹு மரபுக்கு அந்நியமானதல்ல. நிக்காஹை அந்த மரபு எப்போதும் ஒப்பந்தமாகவே கண்டிருக்கிறது.

188ஆம் எண் சட்டம் 1959இல் ராணுவ அரசின் ஆணையாக வந்தது. 1963இல் இன்னொரு ராணுவ அரசின் ஆணையால் வெட்டப்பட்டது. 2003இல் நியமன மன்றத்தில் நீக்கப்பட்டு அந்நியர் கையெழுத்திடாததால் பிழைத்தது. 2025இல் கட்சிகளின் கொடுக்கல் வாங்கலில் பிளக்கப்பட்டது. இத்தனை திருப்பங்களிலும் இந்தச் சட்டத்தின் கீழ் வாழும் பெண்களின் கருத்தைக் கேட்டு, தனித்து விவாதித்து, தனித்து வாக்களித்த ஒரு சந்தர்ப்பம்கூட ஈராக்கில் வாய்க்கவில்லை. ஷரீஅத்துக்கும் ஜனநாயகத்துக்கும் இடையிலான உறவைச் சோதிக்க வேண்டிய இடம் அதுதான். மார்க்க அறிஞர், நீதிபதி, மக்கள் பிரதிநிதி ஆகியோரோடு அந்தச் சட்டத்தால் ஆளப்படும் பெண்ணும் எழுதும் மேசையில் அமரும் நாட்டில்தான் இஸ்லாமியச் சட்டம் ஆட்சி மாற்றத்தின் வெற்றிப்பொருளாக இல்லாமல் மக்களின் சட்டமாக நிலைபெறும்.